டோக்கன் வாங்காத படகு: ராமநாதபுரம் கடற்கரையில் படிக்கும் பிள்ளைகளுக்காக

ராமேஸ்வரத்திலிருந்து ஒரு விசைப்படகு மீன்பிடிக்கப் போக வேண்டும் என்றால் முதலில் மீன்வளத் துறையிடம் டோக்கன் வாங்க வேண்டும். எந்தப் படகு, எந்த நாள் என்று அங்கே பதிவாகிவிடும். பலத்த காற்று வீசும் என்று எச்சரிக்கை வந்தால் அன்றைக்கு டோக்கன் கிடையாது, படகுகள் நங்கூரம் போட்டபடி கிடக்கும். எங்கே வலை விடுவது, எப்போது இழுப்பது என்பதெல்லாம் படகில் இருப்பவர்கள் முடிவு. அதில் யாரும் தலையிடுவதில்லை. கரைக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இன்னார் போயிருக்கிறார்கள், இன்னும் திரும்பவில்லை.

கல்லூரியில் சேர வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த டோக்கன் நினைவுக்கு வரும். பள்ளி முடிக்கும் வரை ஊரில் யாராவது ஒருவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்த பிள்ளை அது. ஒரு நாள் வகுப்புக்குப் போகவில்லை என்றால் டீக்கடை அண்ணன் கேட்பார், பக்கத்து வீட்டு அத்தை கேட்பார். கல்லூரியில் அந்தக் கண்கள் இல்லை. அது நல்லதும்தான். சொந்தமாக முடிவெடுக்கக் கற்றுக்கொள்ளும் வயது. ஆனால் எங்கே போகிறோம், யாரோடு போகிறோம் என்பது யாருக்குமே தெரியாமல் போய்விடுவதும் அதே வயதில்தான். இந்தக் கடற்கரையில் மாணவர்களுக்கு வரும் ஆபத்துகளில் பல அந்த இடைவெளியில்தான் நுழைகின்றன.

இந்த மாவட்டத்துக் கடற்கரையின் நீளம் சுமார் 237 கிலோமீட்டர். தமிழ்நாட்டில் வேறெந்த மாவட்டத்துக்கும் இவ்வளவு நீளக் கடற்கரை கிடையாது. ராமநாதபுரம், கீழக்கரை, ராமேஸ்வரம் ஊர்களில் கல்லூரிகள் இருக்கின்றன. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் வளாகம், புதுமடத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு மையம் என்று கடலைப் படிக்கவே வருகிறவர்களும் உண்டு. படிக்க வருகிறவர்களில் பலர் கடல் பார்த்து வளர்ந்தவர்கள் அல்லர். பரமக்குடி, கமுதி, முதுகுளத்தூர் பக்கத்துக் கண்மாய்க்கரைப் பிள்ளைகள்.

முதலில் கடலைப் பற்றியே பேசிவிடலாம். கண்மாயில் நீச்சல் பழகியவருக்குக் கடலில் வரும் ஆபத்து, நீச்சலே தெரியாதவருக்கு வருவதை விடக் கொஞ்சம் கூடுதல் என்றே நினைக்கிறேன். தெரியாதவர் முழங்காலளவில் நின்றுகொள்வார். தெரிந்தவர் இடுப்பளவு தாண்டுவார். கண்மாய்த் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும், கரைக்கு நீந்தினால் கரை வந்துவிடும். கடல் தண்ணீர் நடந்துகொண்டே இருக்கும்.

பாம்பன் தீவில் வடக்கே இருக்கும் பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்பார்கள், தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள். பெண் கடல் ஆழம் குறைவு, பெரும்பாலும் குளம் மாதிரி கிடக்கும். ஆண் கடலில் அலை அடிக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இந்தப் பெயர்களை மட்டும் கேட்டு, பெண் கடலில் பயமில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கரையில் இருப்பவர்கள் கூடவே காற்றையும் சொல்வார்கள், அது காதில் விழுவதில்லை. மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். ஐப்பசி, கார்த்திகை வாடைக்காற்றில் நிலைமை மாறி, அந்தச் சாதுவான பாக் விரிகுடாவே சீறும். தனுஷ்கோடியை 1964 டிசம்பரில் புயல் அழித்தது அந்த வாடைப் பருவத்தில்தான். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயிலே கடலோடு போனது.

இன்றைக்கு அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது, 2017இல் திறந்தார்கள். அதற்கு முன்னால் மணலில் ஓடும் வேனில் போக வேண்டும், வேன்காரர் திரும்பக் கூட்டி வருவார், எத்தனை பேர் வந்தோம் என்று அவருக்குக் கணக்கு இருக்கும். இப்போது பைக்கில் நான்கைந்து பேர் நேராகப் போய் இறங்கலாம். அங்கே குளிக்கத் தடை. இரண்டு கடலும் சேருகிற முனை, நீரோட்டம் இழுக்கும், மணல் சரிவு ஒரே சீராக இருக்காது. இடுப்பளவில் நிற்கிறோம் என்று நினைத்து அடுத்த அடி வைத்தால் கால் தரையில் படாது. அங்கே சங்கும் சிப்பி மாலையும் விற்கும் ஒரு பெரியவர், ஈரம் சொட்ட நின்ற பையன்களிடம், “தம்பி, மேல பாக்கத்தான் தண்ணி சும்மா கெடக்கும், அடியில ஓடிக்கிட்டே இருக்கும்யா” என்று சொன்னதைக் கேட்டிருக்கிறேன். பாதிப் பேர் ஏறி வந்தார்கள், பாதிப் பேர் சிரித்துவிட்டு நின்றார்கள்.

அடியில் ஓடுவது என்ன என்பதைப் புரிந்துகொண்டால் பாதி உயிரைக் காப்பாற்றலாம். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் எப்படியும் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். மணல் திட்டுகளுக்கு நடுவே பள்ளம் கிடைத்தால் எல்லாத் தண்ணீரும் அந்த வழியாகவே திரும்பி ஓடும். வேகமாக ஓடும்போது ஒலிம்பிக் வீரரால்கூட எதிர்த்து நீந்த முடியாது. கரையிலிருந்து பார்த்தால், இரண்டு பக்கமும் வெள்ளை நுரை உடையும்போது நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையில்லாமல் கறுத்துத் தெரியும். அமைதியாக இருக்கிறதே என்று புதிதாக வருகிறவர்கள் அந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த ஓட்டம் ஆளைக் கீழே அமுக்காது, வெளியே கொண்டுபோகும். செத்துப் போகிறவர்கள் பெரும்பாலும் கரையைப் பார்த்து நேராக நீந்தி, களைத்துத்தான் மூழ்குகிறார்கள். மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்கிக்கொண்டு, கையைத் தூக்கிக் காட்டி, முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்தப் பட்டையை விட்டு வெளியேற வேண்டும். அப்புறம் அலையோடு கரைக்கு வரலாம்.

மூழ்குகிறவர் கத்துவார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கத்த மாட்டார். வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும், தலை பின்னால் சாய்ந்திருக்கும், கைகள் தண்ணீரைக் கீழே அமுக்கிக்கொண்டிருக்கும், கூப்பிட மூச்சு இருக்காது. பத்தடி தள்ளி செல்பி எடுத்துக்கொண்டிருக்கும் நண்பன் அதை விளையாட்டு என்று நினைத்துவிடுவான். தெரிந்த பிறகு அடுத்தவன் குதிப்பான், அவனைப் பிடிக்க இன்னொருவன். மாணவர்கள் ஒன்றாகப் பல பேர் இறந்துபோவது இப்படித்தான். குதிக்காதீர்கள். காலித் தண்ணீர் கேன், பந்து, கயிறு, துப்பட்டா எது கிடைத்தாலும் எறியுங்கள். பக்கத்தில் மீனவர்கள் இருந்தால் சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள். வெளியே எடுத்த ஆளைத் தலையில் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் நம் ஊர்ப் பழக்கம், அதில் நேரம்தான் போகும். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, நெஞ்சை அழுத்த வேண்டும், 108ஐக் கூப்பிட வேண்டும். இதை ஒரு மதியத்தில் கற்றுக்கொள்ளலாம். கடற்கரைக் கல்லூரி ஒவ்வொன்றிலும் முதலாமாண்டு முதல் வாரத்தில் இது கட்டாயப் பாடமாக இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வானம் தெளிவாக இருக்கும் நாளிலும் கடல் ஏமாற்றும். எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை நாள்கணக்கில் பயணம் செய்து, இங்கே காற்றே இல்லாத நேரத்தில் வந்து மோதும். கள்ளக்கடல் என்று இதைச் சொல்கிறார்கள். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் 5 பயிற்சி மருத்துவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். அந்த நாட்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. மருத்துவம் படித்து முடிக்கும் தறுவாயில் இருந்த பிள்ளைகள் அவர்கள். படிப்பும் அறிவும் குறைவாக இருந்து நடந்தது இல்லை அது. அன்றைய கடலைப் பற்றி யாரையாவது கேட்டிருந்தால் என்று மனம் அடித்துக்கொள்கிறது. மீனவர்கள் டோக்கன் கிடைக்குமா என்று கேட்கிற மாதிரி, மாணவர்களும் கிளம்பும் முன் ஒரு கேள்வி கேட்கலாம்: இன்றைக்குப் படகு போயிருக்கிறதா? பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா? கடலில் யாரோ சிக்கியிருக்கிறார்கள் என்றால் கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸ் எண் 1093, கடலோரக் காவல் படை எண் 1554.

சாலை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எல்லோருக்கும் தெரிந்ததுதான். பேருந்துப் படியில் தொங்குவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். ஆனால் காலை எட்டு மணிக்கு அந்தப் பேருந்தை விட்டால் முதல் வகுப்புக்குப் போக முடியாது என்ற நிலையில் நிற்கிற பிள்ளையிடம் சட்டம் மட்டும் பேசிப் பயனில்லை. எந்த நேரம், எந்த நிறுத்தம், எத்தனை மாணவர்கள் என்று எழுதி, முதல்வர் கையெழுத்தோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில் மாடும் ஆடும் குறுக்கே வரும், பைக்கில் மூன்று பேர் வேண்டாம், பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும். விபத்தில் அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்க்கிறவர் தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்றோ சாட்சியாக நிற்க வேண்டும் என்றோ கட்டாயமில்லை. அந்தப் பயத்தில் விலகிப் போகாதீர்கள்.

அடுத்தது வங்கிக் கணக்கு. இது கடலை விடச் சத்தமில்லாமல் இழுக்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாணவிகளுக்கும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாணவர்களுக்கும் மாதம் 1000 ரூபாய் நேராக வங்கிக் கணக்கில் வருகிறது. அரசுப் பள்ளியில் படித்து வந்த பல பிள்ளைகளுக்குச் சொந்தமாகப் பணம் கையாளும் முதல் வாய்ப்பு அது. நல்ல திட்டம், பல குடும்பங்களில் பெண் பிள்ளையின் படிப்பு நின்றுபோகாமல் இருக்க அந்தப் பணமும் ஒரு காரணம். இன்னொரு பக்கம், பதினெட்டு வயதில் எல்லார் பெயரிலும் ஒரு கணக்கு, ஏடிஎம் கார்டு, சிம் இருக்கிறது. மோசடிக் கும்பல்களுக்குத் தேவையானதும் அதுதான்.

அணுகும் விதம் சாதாரணமாகத்தான் இருக்கும். அந்நியர் யாரும் வர மாட்டார். சீனியர், அல்லது சீனியருக்குத் தெரிந்த அண்ணன். “உன் அக்கவுண்ட் சும்மாதானே இருக்கு, ரெண்டு மாசம் குடு, கார்டும் சிம்மும் என்கிட்ட இருக்கட்டும், உனக்கு மாசாமாசம் ஒரு தொகை.” அவ்வளவுதான் பேச்சு. பிறகு வேறு மாநிலத்தில் ஒரு முதியவரை போலீஸ் என்று மிரட்டிப் பறித்த பணம் இந்தக் கணக்குக்கு வரும், சில நிமிடங்களில் வேறு கணக்குகளுக்குப் பிரிந்து போய்விடும். புகார் வந்ததும் காவல்துறை பின்தொடரும் நூலின் முனை எங்கே? பணம் முதலில் வந்து இறங்கிய கணக்கு. பெயர், ஆதார், புகைப்படம் எல்லாம் மாணவருடையது. கார்டை வாங்கிக்கொண்டு போன அண்ணனின் உண்மைப் பெயர்கூட இவருக்குத் தெரியாது. கணக்கு முடக்கப்படும், உதவித்தொகையும் அதிலேயே மாட்டிக்கொள்ளும், எங்கோ ஒரு ஊரின் காவல் நிலையத்திலிருந்து சம்மன் வரும்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டேன் என்று யாராவது இதைப் படித்தால், இன்றைக்கே வங்கிக்குப் போங்கள். கார்டை முடக்கச் சொல்லுங்கள், நடந்ததை எழுத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள், சிம்மை முடக்குங்கள். சைபர் குற்றப் பிரிவில் நீங்களாகவே போய்ச் சொல்வதற்கும் அவர்கள் தேடி வருவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. உங்கள் பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு உடனே கூப்பிடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்தினால்தான் திரும்பக் கிடைக்கும், அதனால் நிமிடங்கள் முக்கியம். வீடியோ அழைப்பில் “டிஜிட்டல் கைது” என்று யாராவது மிரட்டினால், இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது.

வெளிநாட்டு வேலை ஆசையும் இதோடு சேர்ந்தது. இந்தக் கரையில் வளைகுடா நாடுகளுக்குப் போகாத குடும்பம் குறைவு, அதனால் “அண்ணன் அங்கே இருக்கார், டிக்கெட் போட்டுத் தருவார்” என்றால் சந்தேகம் வருவதில்லை. சுற்றுலா விசாவில் கம்போடியாவுக்கோ லாவோஸுக்கோ மியான்மருக்கோ கணினி வேலை என்று கூட்டிப் போய், அங்கே அடைத்து வைத்து இதே மோசடிகளைச் செய்யச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டு இளைஞர்கள் பலர் அப்படிச் சிக்கி மீட்கப்பட்டிருக்கிறார்கள். ஏஜென்ட் உரிமம் பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பார்க்கலாம்.

இந்தக் கடற்கரைக்கே உரிய இன்னொரு வலையும் இருக்கிறது. இலங்கை இங்கிருந்து கைக்கெட்டும் தூரம். கஞ்சா, வலி மாத்திரை, பீடி இலை, கடல் அட்டை என்று கடத்தல் நடக்கிற கரை இது, செய்தித்தாளில் அடிக்கடி வரும். படிக்கிற பையனிடம் கேட்பது சின்ன வேலைதான்: பைக்கில் ஒரு மூட்டையை ஏற்றி அந்த ஊர்க் கரையில் இறக்கிவிட்டு வா, உள்ளே என்ன என்று உனக்கு எதற்கு. அந்த “உனக்கு எதற்கு” என்ற இடத்தில்தான் சட்டம் மாட்டுகிறது. போதைப்பொருள் சட்டத்தில் பொருள் உங்கள் கையில் இருந்தால், தெரிந்தே வைத்திருந்தீர்கள் என்றுதான் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு, ஜாமீன் கிடைப்பதும் கடினம். கடல் அட்டை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி, யானை இருக்கும் முதல் அட்டவணையில் இருக்கிறது. கடலில் கிடக்கும் பூச்சிதானே என்று கையில் எடுத்த பையன், புலித்தோல் வைத்திருந்தவனுக்கு ஆகும் சட்டத்தில் சிக்குவான்.

இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொன்னால், வீட்டில் சொல்லலாமே என்று நமக்குத் தோன்றும். ஏன் சொல்வதில்லை என்று கேட்டுப் பாருங்கள். பையன்கள் “அப்பா அடிப்பார்” என்பார்கள். மாணவிகள் சொல்லும் பதில் வேறு: “படிப்பை நிறுத்திருவாங்க.” பேருந்தில் ஒருவன் தினமும் உரசுகிறான், யாரோ படத்தை மாற்றி மிரட்டுகிறான், ஆசிரியர் ஒருவர் தப்பாகப் பேசுகிறார், எதுவாக இருந்தாலும் முதல் பயம் அவனைப் பற்றி அல்ல. விஷயம் வீட்டுக்குத் தெரிந்தால் நாளையிலிருந்து கல்லூரி இல்லை என்பதுதான். மிரட்டுகிறவனுக்கும் அது தெரியும். அவன் கையில் இருக்கும் ஆயுதமே நம் வீட்டுக் கோபம்தான். பெற்றோர் இந்த ஒரு வரியையாவது மகளிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன்: “என்ன நடந்தாலும் உன் படிப்பு நிக்காது.”

புகார் கொடுக்க வழிகள் இருக்கின்றன, அவை வந்த விதம் கொடுமையானது. 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகுதான் 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. ராகிங் செய்தவருக்கு 2 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. புகார் வந்தால் கல்லூரித் தலைவர் விசாரித்தே ஆக வேண்டும். தேசிய உதவி எண் 1800-180-5522. 1998இல் சென்னையில் கல்லூரி மாணவி சரிகா ஷா ஈவ்டீசிங்கில் இறந்த பிறகு பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் மாநிலச் சட்டம் வந்தது. பாலியல் தொல்லை பற்றி விசாரிக்க ஒவ்வொரு கல்லூரியிலும் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும், அதில் வெளியாள் ஒருவரும் இருக்க வேண்டும். நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், அதனால் தேதி போட்டுக் குறித்து வைப்பது அவசியம். சொந்த ஊர் வேறு, சம்பவம் நடந்த ஊர் வேறு என்று எந்தக் காவல் நிலையமும் திருப்பி அனுப்பக் கூடாது. எங்கே புகார் கொடுத்தாலும் அங்கேயே முதல் தகவல் அறிக்கை பதிந்து, உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும். பெண்களுக்கு 181, அவசரத்துக்கு 112. மனம் தாங்கவில்லை, தூக்கம் வரவில்லை, பேச ஆள் வேண்டும் என்றால் 14416, தமிழிலேயே பேசலாம்.

என் அக்கா மகள் தங்கச்சிமடத்திலிருந்து ராமநாதபுரத்துக்குப் படிக்கப் போய் வருகிறாள். பாம்பன் பாலத்தில் ரயில் நின்றுபோயிருந்த 2023, 2024 ஆண்டுகளில் பேருந்து ஒன்றே வழி, திரும்பும்போது இருட்டிவிடும். முதல் மாதம் அக்கா மணிக்கு நான்கு முறை போன் செய்தாள். எங்கே இருக்கே, பக்கத்தில் யாரு, ஏன் எடுக்கலை. அவள் போனை அணைத்து வைக்க ஆரம்பித்தாள். பிறகு ஒரு நாள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். அக்கா கூப்பிடக் கூடாது. அவள் இரண்டே இரண்டு செய்தி அனுப்ப வேண்டும், பேருந்து ஏறியதும் ஒன்று, பாலம் வந்ததும் ஒன்று. செய்தி வராமல் ஒரு மணி நேரம் தாண்டினால் மட்டும் அக்கா கூப்பிடலாம், கூப்பிட்டால் முதல் வார்த்தை திட்டாக இருக்கக் கூடாது.

ஒரு மழை நாளில் அந்த ஒரு மணி நேரம் தாண்டியது. அக்கா கூப்பிட்டாள். மண்டபத்துக்கு முன்னால் பேருந்து பழுதாகி நின்றிருந்தது, மாற்றுப் பேருந்துக்குக் காத்திருந்தார்கள். “சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தாள். ஒன்பதரைக்குச் செய்தி வந்தது: “பாலம் தாண்டிட்டேன்மா.”